நாற்பத்தொரு முடிச்சு

சிப்பிக்காட்டு மருத்துவச் சாலையில் குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு ஐம்பத்திரண்டு. எழுதியதில் தப்பில்லை, அப்படித்தான்.

எட்டு வருஷத்துக்கு முன் மாசிலாமணி கற்க வந்து நின்றபோது ஊரில் நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் குரு செங்கமலத்தை 'அம்மா' என்றார். அவள் அவரை 'ஐயா' என்றாள். அதோடு அந்த விவகாரம் முடிந்துபோயிற்று.

அதற்கு முன் இருபத்தைந்து வருஷம் அவர் ஒரு சைவ மடத்தில் சமையல் வேலை பார்த்தவர். சர்க்கரைப் பொங்கலும் பானகமும் அவர் கையில் ஒரு நாளும் பதம் தப்பியதில்லை. மனைவி மூன்று மழைக்காலம் விடாமல் இருமினாள். நாலாவது மழைக்காலத்துக்கு அவள் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிய மனுஷர், கால் போன போக்கில் நடந்து, இருமலுக்கு மருந்து கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

வந்து சேர்ந்த ஊரும் லேசுப்பட்டதில்லை. சிப்பிக்காடு கடலோரத்து ஊர். கிளிஞ்சலைப் பொறுக்கிக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கி விற்கிற சனங்கள். கூரை, தென்னை, மாட்டின் முதுகு, எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூசி படிந்திருக்கும். கோடை பிறந்தால் ஊரே இருமும். கோயில் பூசாரி மணியடிப்பதற்குள் நாலு தரம் இருமிவிடுவார்.

அந்த இருமலுக்குத்தான் மாசிலாமணி எட்டு வருஷமாக ஒரு பொடி இடித்துக்கொண்டிருந்தார்.

வைகாசி பிறந்த அன்று காலை அவர் சாலைக்குள் ஓட்டமும் நடையுமாக வந்தார். கையில் ஒரு நூல்கயிறு. கயிறு முழுக்க முடிச்சு.

செங்கமலம் அம்மியில் மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தாள். அவர் கயிற்றை அவள் முன்னால் நீட்டமாக வைத்தார்.

"நாப்பத்தொண்ணு, அம்மா," என்றார். மூச்சு வாங்கியது.

ஒரு மண்டலம் முழுக்க நாற்பத்தொரு பேருக்குப் பொடி போயிருக்கிறது. ஒருவருக்குக் குணமானால் ஒரு முடிச்சு. நாற்பத்தோராவது முடிச்சை நேற்றுச் சாயங்காலம் போட்டார். ராத்திரி பூராவும் தூக்கம் பிடிக்கவில்லை. செங்கமலத்தின் வீட்டு ஏட்டில் புது மருந்து ஒன்று ஏறி முப்பது வருஷமாகிறது. தன் பொடி அதில் ஏறவேண்டும், மனைவியைக் கொண்டுபோன இருமலுக்கு அந்த ஏட்டில் ஒரு பதில் இருக்கவேண்டும். அந்த மனுஷருக்கு இந்தப் பிறவியில் வேறு ஆசையே இல்லை.

"நாப்பத்தொண்ணுல நாப்பத்தொண்ணும் குணமா?" என்று கேட்டாள் செங்கமலம்.

"ஆமாம், அம்மா."

"எங்க பாட்டன் காலத்துலேருந்து அப்படி ஒண்ணு நடந்ததில்லையே. எதுல கொடுத்தீங்க?"

"தண்ணீர்ப் பந்தல்ல நான் ஊத்துற பானகத்துல."

"குடிச்சவங்களுக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் மாசிலாமணி வந்திருந்தார். பதிலை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டும் வந்திருந்தார். தெரிந்தால் கெட்டுவிடும் என்றார். மருந்து என்ற பேச்சைக் கேட்டதுமே பாதிப் பேருக்கு இருமல் நின்றுவிடும். அப்புறம் குணமாக்கியது வேரா, மனசா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது? அதனால்தான் மூச்சு விடவில்லை. சொல்லாமல் கொடுத்ததால்தான் இந்த முடிச்செல்லாம் சுத்தமான முடிச்சு. தவிர, கெட்டது ஒன்றும் செய்யவில்லையே. மடத்தில் பிரசாதத்தில் என்ன போட்டிருக்கிறது என்று யார் கேட்டார்கள்? இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டுக்கொண்டார்கள்.

செங்கமலம் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நல்லாத்தான் யோசிச்சிருக்கீங்க," என்றாள். "காலையில சாப்பிட்டீங்களா?"

சாப்பிடவில்லை. சந்தோஷத்தில் மறந்துபோயிருந்தார். அவள் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் ஒரு சட்டி கஞ்சியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொண்டுவந்து வைத்தாள். எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

மாசிலாமணி சட்டியைத் தூக்கினார். வாய்வரைக்கும் போன சட்டி அங்கேயே நின்றது. கஞ்சியைப் பார்த்தார். குருவின் முகத்தைப் பார்த்தார். திரும்பவும் கஞ்சியைப் பார்த்தார். லேசாக மோந்தும் பார்த்தார். குரு கதைகள் அவரும் நிறையக் கேட்டவர்தான். இப்படிப்பட்ட இடத்தில் குருமார்கள் என்ன செய்வார்கள் என்று அவருக்குத் தெரியாதா?

"என்ன பாக்கறீங்க, ஐயா?"

"இதுல ஏதாவது போட்டிருக்கீங்களா, அம்மா?"

"போட்டிருக்கேனே. உப்பு."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. உங்களைக் கேக்காம உங்க வயித்துக்குள்ள நான் எதுக்கு ஐயா போகப்போறேன்?"

அவர் குடித்தார். வெறும் கஞ்சிதான். ஆனால் ஒவ்வொரு வாயையும் நாக்கில் நிறுத்தி, இது உப்புதானா, இது உப்புதானா என்று பார்த்துப் பார்த்து விழுங்கினார். அவருக்கே வெட்கமாக இருந்தது.

"எட்டு வருஷமா இதே கஞ்சி," என்றாள் செங்கமலம். "இன்னைக்குத்தான் உள்ளே எட்டிப் பாக்கறீங்க."

பிறகு எழுந்து போய்ப் பரணிலிருந்து ஏட்டுக் கட்டை இறக்கினாள். திப்பிலி லேகியத்தின் ஓலையை எடுத்து, முதல் வரியைப் படிக்கச் சொன்னாள். மாசிலாமணி அந்த ஓலையைப் படி எடுத்தவர். சரக்கும் அளவும் தலைகீழாகச் சொல்வார். முதல் வரியை மட்டும் எப்போதும் தாண்டிப் போய்விடுவார். யாரோ ஏடு எழுதப் பணம் கொடுத்தவர்களின் பெயர் என்று நினைத்திருந்தார்.

இப்போது வாய்விட்டுப் படித்தார். "இதை அறியத் தந்தவர்கள். வலைக்காரர் சிங்காரம், இருபது நாள், குணம். உப்பளத்து மாரிமுத்து, ஏழு நாள், வாந்தி, வேண்டாமென்றார், நிறுத்தினோம். வண்ணாரப் பெண் அலமேலு, கேட்டோம், மாட்டேனென்றாள்."

மாட்டேன் என்றவளின் பெயர்கூட அதில் இருந்தது. மாசிலாமணி அந்த இடத்தை இன்னொரு தரம் படித்தார்.

"கயித்தை எடுத்துக்கிட்டுப் போங்க," என்றாள் செங்கமலம். "எந்த முடிச்சு யாருதுன்னு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. நூறு பேர் பந்தியில் யார் இரண்டாம் தடவை ரசம் கேட்டார் என்று சொல்லக்கூடிய மனுஷர் அவர்.

"ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போங்க. என்ன போட்டோம், எத்தனை நாள் போட்டோம்னு சொல்லுங்க. முடிச்சை அவங்க கையில கொடுத்துடுங்க. இருக்கட்டும்னா இருக்கட்டும். அவிழ்த்தா அவிழ்க்கட்டும்."

"கயிறு காலியாயிடுமே, அம்மா."

"ஆனா ஆகட்டும்."

"பொடி? ஏட்டுல?"

"கயிறு திரும்பி வரட்டும். அப்புறம் கேளுங்க."

தூக்குக்குப் போகிறவர்கூட இன்னும் கொஞ்சம் தெம்பாக நடந்திருப்பார். மாசிலாமணி கயிற்றை இடுப்பில் செருகிக்கொண்டு, பக்கத்தில் இருந்த முதல் வீட்டு வாசலில் போய் நின்று, தொண்டையைக் கனைத்தார்.

அடி விழவில்லை. அதுவே அவருக்கு ஆச்சரியம். முதல் வீட்டுக்காரர் கதையெல்லாம் கேட்டுவிட்டு, பந்தலில் வாங்கிய பானகத்தை ஒரு நாளும் தான் குடித்ததில்லை என்றார். இனிப்பு ஒத்துக்கொள்ளாதாம். வேண்டாம் என்றால் மனசு வருத்தப்படுமே என்று வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, கன்றுக்குட்டிக்கு ஊற்றியிருக்கிறார். கன்றுக்குட்டி நல்ல கொழுகொழுவென்று இருந்தது. அதற்கு இருமல் இல்லை. அவர் தன் முடிச்சை அவிழ்ப்பதை மாசிலாமணி பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டாவது வீட்டில் ஒரு பெரியவர் அவரை உட்காரவைத்து, மோர் கொடுத்து, அடுத்த தடவை செய்தால் ஏலக்காயைக் கூட்டிப் போடச் சொன்னார். மூன்றாவது வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். என் உடம்பு என்ன, நீ பதம் பார்க்கிற பானையா என்று அந்த வீட்டு அம்மாள் கேட்டாள். அவள் முடிச்சை அவிழ்த்த வேகத்தில் பக்கத்து முடிச்சும் சேர்ந்து அவிழ்ந்தது. அதை மாசிலாமணி திரும்பக் கட்டவேண்டியிருந்தது.

நடுப்பகலுக்குக் காளவாய்க்குப் போனார். காத்தாயி அங்கே கிளிஞ்சல் கொட்டிக்கொண்டிருந்தாள். முழங்கைவரை வெள்ளை. அவளுடைய முடிச்சை அவர் நன்றாக ஞாபகம் வைத்திருந்தார், ஏனென்றால் முதலில் குணமானவள் அவள்தான்.

அவர் சொல்லச் சொல்ல அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்தது இருமலில் போய் முடிந்தது. குனிந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர இருமினாள்.

மாசிலாமணிக்கு முகம் விழுந்துபோயிற்று. "சரியாப்போச்சுன்னு சொன்னியே, காத்தாயி."

"பின்ன என்ன சொல்றது? தெனமும் பானகம் ஊத்திட்டு, 'இருமல் எப்படி இருக்கு'ன்னு மூஞ்சியையே பாக்கறீங்க. இன்னும் இருக்குன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? அது ஒரு மரியாதை, ஐயா. மருந்துன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உள்ளதைச் சொல்லியிருப்பேன்."

காலையில் குருவிடம் அவ்வளவு அழகாகச் சொன்ன வாதம் மாசிலாமணிக்கு ஞாபகம் வந்தது. அவர் கயிற்றை நீட்டினார். காத்தாயி நகத்தால் தன் முடிச்சை அவிழ்த்தாள். அவிழ்த்துக்கொண்டே, ஒன்று மட்டும் உண்டு என்றாள். பானகம் குடித்தால் கொஞ்ச நேரத்துக்கு உதட்டில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். வாயெல்லாம் எச்சில் ஊறும். வெற்றிலைச் சுண்ணாம்புதான் காந்துகிறது என்று நினைத்தாளாம்.

அது அக்கரகாரம். நாக்கை மரக்கவைக்கிற வேர், மாசிலாமணிக்குத் தெரியும். தொண்டைக் கரகரப்பு அடங்கட்டும் என்று துளிதான் போட்டார். அந்தத் துளி யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தார்.

அப்போதுதான் அவருக்குக் குஞ்சிதபாதத்தின் நினைப்பு வந்தது.

குஞ்சிதபாதம் அந்த ஊர்க் கோயிலின் நாயனக்காரர். வீடு தண்ணீர்ப் பந்தலை ஒட்டினாற்போல இருக்கிறது. கோடையில் லேசாகத் தொண்டை கமறும், அவ்வளவுதான். ஆனால் இனிப்பென்றால் உயிர். எல்லோரும் ஒரு குவளை குடித்தால் அவர் இரண்டு குடிப்பார். சித்திரைத் திருவிழாவில் தேர் வடம் பிடிக்கும் நேரத்தில் நாயனத்தை எடுத்தவருக்கு உதடு பிடிமானம் கொடுக்கவில்லை. வாயில் வைத்த நாணல் சீவாளி எச்சிலில் ஊறிப்போய், சுரம் வழுக்கி வழுக்கி விழுந்தது. இளவட்டங்கள் சிரித்தார்கள். அன்றைக்கு நாயனத்தை உறையில் போட்டுக் கட்டியவர்தான், பிறகு தொடவில்லை. அம்மன் கொடுத்ததை அம்மன் எடுத்துக்கொண்டாள் என்று சொல்லித் திரிந்தார். அந்தத் துக்கத்துக்கு ஆறுதலாக, பந்தலில் மூன்றாவது குவளையும் கேட்க ஆரம்பித்தார். மாசிலாமணி ஐயோ பாவம் என்று நினைத்து நிறைய ஊற்றினார்.

கயிற்றில் குஞ்சிதபாதத்தின் முடிச்சு இருபதாவது. அவருடைய தொண்டைக் கமறல் மட்டும் உண்மையாகவே நின்றுபோயிருந்தது.

மிச்ச வீடுகளுக்கு அன்று மாசிலாமணி போனமாதிரி யாரும் போயிருக்கமாட்டார்கள். சொல்லவேண்டியதைச் சொன்ன பிறகும் எழுந்திருக்கவில்லை. பேரன் எப்படி, ஆடு எப்படி, சம்பந்தி ஊரில் மழை உண்டா என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். ஆனாலும் வீடுகள் தீர்ந்துபோயின. வெயில் இறங்கும் நேரத்துக்கு ஒரே ஒரு வீடு பாக்கி.

சந்து முனையில் நின்றார். தினமும் குவளை குவளையாகக் குடித்து மரத்த உதடு, பந்தலில் பொடி கலப்பதை நிறுத்திவிட்டால் மூன்று நாளில் தானாகத் திரும்பிவிடும். அம்மன் மனசிரங்கிவிட்டாள் என்று குஞ்சிதபாதம் கற்பூரம் ஏற்றுவார். ஒருவருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. சொன்னால், திருவிழாவைக் கெடுத்த மருந்து என்று ஊர் சொல்லும். அப்புறம் அந்தப் பொடியை ஏட்டில் ஏற்றுவதாவது. நாற்பது வீடு போயாகிவிட்டது, ஒரு வீடு போகாவிட்டால் குரு வந்து பார்க்கவா போகிறாள்?

சந்துக்குள்ளிருந்து ஒரு பேச்சு காதில் விழுந்தது. குஞ்சிதபாதத்தின் மனைவி அபயாம்பாள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். நாளைக் காலையில் அவள் தம்பி வண்டி கட்டிக்கொண்டு வருகிறான். நாயனத்தை அவனிடம் கொடுத்துவிடப்போகிறார்களாம். வீட்டில் வைத்துக்கொண்டு தினம் தினம் பார்க்க முடியவில்லையாம்.

மாசிலாமணியின் கால் தானாக நடந்தது.

குஞ்சிதபாதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மடியில் உறையோடு நாயனம். வந்தவரைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

"வாங்க, ஐயா. இந்த ஒரு மாசத்துல எனக்கு நல்லது செஞ்ச கை உங்க கை ஒண்ணுதான்."

மாசிலாமணி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். பொடி, வேர், நாற்பத்தெட்டு நாள், கேட்காமல் போட்டது, எல்லாம். அதை எங்கேயும் பூசி மெழுகவில்லை.

குஞ்சிதபாதம் விரலால் உதட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப என் உதடு போகலியா?"

"போகல. குடிக்கிறதை நிறுத்தினா மூணு நாள்ல சரியாயிடும்."

"அம்மன் எடுத்துக்கலியா?"

"இல்லீங்க. நான்தான்."

குஞ்சிதபாதம் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணிலிருந்து கொட்டியது. நாயனத்தை உறையோடு சேர்த்து நெஞ்சில் வைத்துக்கொண்டு, போகலை, போகலை என்று மனைவியிடம் திரும்பத் திரும்பச் சொன்னார், அவள் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் என்பதைக்கூட மறந்து. அவ்வளவு சந்தோஷத்தைத் தன் எதிரில் பார்த்தும், அதில் தனக்குப் பங்கில்லை என்று தெரிந்து மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டார்.

கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. குரல் உயரவில்லை.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, ஐயா. நான் ஊதுறவன், எனக்கு வேண்டாம்னு சொல்லியிருப்பேனே."

மாசிலாமணி கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு இருபதாவது முடிச்சைத் தேடி எடுத்து நீட்டினார்.

குஞ்சிதபாதம் அதை அவிழ்க்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் மேலேயே இன்னொரு முடிச்சுப் போட்டு, பல்லால் இழுத்து இறுக்கினார்.

"இது உதட்டுக்கு," என்றார். "ரெண்டும் இருக்கட்டும். நாளைக்கு ஏதோ ஊர்ல ஒரு நாயனக்காரன் இருமிக்கிட்டு வருவான். அவனுக்குச் சொல்லணும்ல."

அபயாம்பாள் மட்டும் வந்தவருக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அவள் பக்கம் நியாயம் இருந்தது.

மறுநாள் வண்டி கட்டிக்கொண்டு வந்த தம்பி, வெறும் வண்டியோடு திரும்ப மனசில்லாமல் மூன்று நாள் தங்கிவிட்டான். மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் குஞ்சிதபாதம் கோயில் வாசலில் உட்கார்ந்து நாயனத்தை எடுத்தார். காளவாயை விட்டுவிட்டு வெள்ளைக் கையோடு சனங்கள் வந்தார்கள். சிரித்த இளவட்டங்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். முதல் சுரம் எங்கே நிற்கவேண்டுமோ அங்கே நின்றது. அப்புறம் அவர் திருவிழாப் பாக்கியை எல்லாம் வட்டியோடு கொடுத்தார். ஊர் ஒரு நாழிகை இருமவே இல்லை. தேர்க் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்து நின்று கேட்ட மாசிலாமணி, தோள் துண்டு முழுக்க நனையும்வரை அழுதார். அவருக்கு அப்படியொரு சந்தோஷம்.

அதற்கு மறுநாள் கயிறு குருவிடம் திரும்பிப் போயிற்று.

செங்கமலம் எண்ணிப் பார்த்தாள். பத்து முடிச்சு இருந்தது, அதில் ஒன்று இரட்டை. இருமல் உண்மையாகவே குறைந்தவர்கள், தங்கள் முடிச்சு இருக்கட்டும் என்று சொன்னவர்கள்.

"இப்பக் கேளுங்க," என்றாள். "ஏட்டுல ஏத்தலாமா?"

"கூடாது, அம்மா," என்றார் மாசிலாமணி. "திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்க உத்தரவு வேணும். இந்தத் தடவை கேட்டுட்டு."

"சரி. அந்தப் பொடியை நீங்க குடிச்சுப் பாத்தீங்களா?"

மாசிலாமணி தோள் துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"குடிக்கலியா?"

"பழக்கம், அம்மா," என்றார் மெல்ல. "நைவேத்தியத்தைச் சமைக்கிறவன் நாக்குல வைக்கக் கூடாது. இருபத்தஞ்சு வருஷம் ருசி பாக்காமலே சமைச்சவன் நான். பானகமும் அப்படியே..."

செங்கமலம் சிரித்தாள். எட்டு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சாமிக்கு இருமல் இல்லையே, ஐயா," என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை தண்ணீர்ப் பந்தலில் இரண்டு பானை இருந்தது. ஒன்றின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. ஊரைக் கூட்டி மாசிலாமணி சொன்னார். சிவப்புப் பானையில் பொடி இருக்கிறது. அதில் இன்னின்ன சரக்கு. உதடு மரக்கும், எச்சில் ஊறும். நாயனக்காரர், சங்கு ஊதுகிறவர், வயிற்றுப் பிள்ளைக்காரி, யாரும் இந்தப் பக்கம் வரவேண்டாம். குணமாகுமா என்று எனக்கே தெரியாது, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். மற்றப் பானையில் வெறும் பானகம், அதே இனிப்பு.

"பாதியில வேண்டாம்னு தோணிச்சுன்னா?" என்று கூட்டத்திலிருந்து கேட்டாள் அபயாம்பாள்.

"இந்தப் பானையை விட்டு அந்தப் பானைக்கு வந்தாப் போதும். ஏன்னு சொல்ல வேண்டியதில்லை."

"எனக்கு இருமல் இல்ல," என்றாள் அபயாம்பாள். "கேட்டு வச்சேன்."

மாசிலாமணி சிவப்புப் பானையிலிருந்து ஒரு குவளை எடுத்தார். கை பழக்கத்தில் ஒரு நொடி தயங்கியது. பிறகு எல்லோரும் பார்க்க மடமடவென்று குடித்தார். கொஞ்ச நேரத்தில் கீழுதடு தொங்கியது. மேற்கொண்டு சொல்ல வந்தது வாய்க்குள்ளேயே கொழகொழத்து, மோவாயில் எச்சிலாக வழிந்தது. சனங்கள் சிரித்த சிரிப்பில் பந்தல் கீற்று ஆடியது. அபயாம்பாளும் சிரித்தாள். வீட்டுக்குள் போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

முதலில் காத்தாயி வந்தாள். "இந்தத் தடவை உள்ளதைத்தான் சொல்லுவேன். மனசு நோகக் கூடாது," என்றாள். அவர் தலையை ஆட்டினார். அவளுக்குப் பின்னால் சிலர் வந்தார்கள். பெரும்பாலானவர்கள் யோசித்துவிட்டு வெறும் பானைப் பக்கம் போனார்கள். அங்கே முன்னாலேயே குஞ்சிதபாதம் இரண்டு குவளையை முடித்திருந்தார். மூன்றாவதை அபயாம்பாள் பிடுங்கி வைத்துவிட்டதால், வேறு வழியில்லாமல் நாயனத்தை எடுத்தார்.

கூட்டம் கலைந்த பிறகு செங்கமலம் பந்தலுக்கு வந்தாள். மாசிலாமணி புதுக் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடு இன்னும் முழுசாகத் திரும்பவில்லை.

"எத்தனை பேரு?"

"பதினொண்ணுதான், அம்மா. அன்னைக்கு நாப்பத்தோரு பேரு இருந்தாங்க."

செங்கமலம் சிவப்புப் பானையிலிருந்து சிந்தியதைத் துணியால் துடைத்துவிட்டாள்.

"அன்னைக்கு ஒருத்தருமே இல்ல, ஐயா. நாப்பத்தோரு குவளைதான் இருந்துச்சு."